சின்னக் கிராணியின் காப்பி மிஷின்

இராஜமாணிக்கத்துக்குக் காப்பி போடத் தெரியாது என்பதை நான் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்த ஆம்பிளைக்கும் தெரியாது. ஆனால் தெரியாதவன் கொடுத்ததை வாயை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும். அவன் என்ன செய்தான்? தன் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தான். சாப்பாடு முடிந்து மயிலம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இராஜமாணிக்கம் ஒரு வாய் உறிஞ்சினான். "தப்பா நெனச்சுக்காதீங்க சார், இது மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணிலா" என்று, கட்டின பெண்டாட்டியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்டான்.

நானும் அந்த விருந்தில் இருந்தேன். என் பெயர் மாயாண்டி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர். சின்னக் கிராணி இராஜமாணிக்கம் எனக்கு அடுத்த வீடு. காப்பி நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். புண்ணுக்கு மருந்து போடுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

பெரிய கிராணி போகும் வரைக்கும் மயிலம்மாள் பொறுத்திருந்தாள். அவர் சைக்கிள் வளைவு திரும்பியதும் வாசலில் வந்து நின்று, குவாட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க கையால ஒரு காப்பி போடுங்க. அத நான் குடிச்சதுக்கு அப்புறந்தான் இந்தத் தோட்டத்து மண்ண மிதிப்பேன். இது சத்தியம்."

மறுநாள் காலை பஸ்ஸில் சிரம்பானுக்குப் போய்விட்டாள். அங்கே ரஹாங்கில் அவள் அப்பா வீடு.

முதல் வாரம் இராஜமாணிக்கம் வீராப்பாகத்தான் திரிந்தான். இரண்டாம் வாரம் என் வீட்டில் சாப்பிட வந்தான். அதற்குப் பிறகு சாப்பிடவும் வருவதில்லை, நான் போய் இழுத்துவர வேண்டியிருந்தது. அவனுக்கு அவள் மேல் உயிர். அதை அவளிடம் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லுவான். ஆபீசில் பெயர் கூப்பிடும்போது மயில்வாகனம் என்று ஒரு ஆள் பெயர் வந்தால்கூட இவன் கண் கலங்கிவிடும். ஆள் பாதியாகிவிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து நல்ல சேதியும் இல்லை. இப்படியே விட்டால் தங்கச்சியை அப்பா கடைக் கணக்குப் பார்க்க வைத்துவிடப் போவதாக அவள் அண்ணன் சந்திரன் தம்பின் டவுன் பசாரில் யாரிடமோ சொன்னானாம்.

ரஹாங்குக்கே போய் அங்கே ஒரு காப்பியைப் போட்டுக் கொடுத்து அழைத்துவரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போனான். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று மாமியார் பாய் விரித்து, கோழி அடித்து, விசிறிக்கூட விட்டார். அடுப்படிப் பக்கம் மட்டும் விடவில்லை. மாப்பிள்ளை அடுப்பு ஊதினார் என்று வெளியே தெரிந்தால் ரஹாங்கில் தலைகாட்ட முடியுமா என்று அழுதே விட்டாராம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

சரி, இங்கே போட்டுப் பிளாஸ்கில் கொண்டுபோகலாம் என்றால் அது அதைவிட மோசம். அது ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாவில் எமர்ஜென்சி. தொழிலாளர் லயங்களையும் எங்கள் குவாட்டர்ஸையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வெளியே போகிற எவரும் ஒரு பருக்கைச் சோறு கொண்டுபோகக் கூடாது. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் போனார்கள். கேட்டில் நின்றது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சன்னாசி. முந்தின வருஷம் வரை புல்லு வெட்டிக்கொண்டிருந்தவன். சட்டையில் பித்தளைப் பொத்தான் ஏறியதிலிருந்து அவனுக்கு அம்மா, அப்பா, குலதெய்வம் எல்லாமே ரூல்தான். இராஜமாணிக்கத்தின் பிளாஸ்கைத் திறந்து, மோந்து பார்த்து, சாக்கடையில் ஊற்றினான். அந்தக் காப்பிக்கு அதுதான் சரியான இடம் என்பது வேறு விஷயம்.

இந்த நிலைமையில்தான் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், எங்கள் துரை, வாயைத் திறந்தார். யுத்தத்தில் அவர் இத்தாலியில் இருந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு காப்பி மிஷின் உண்டு, எஸ்பிரஸ்ஸோ என்று பெயர், ஆவியே காப்பியைப் பிழிந்து கொடுத்துவிடும், மனுஷன் சும்மா நின்றால் போதும் என்று ஆபீசில் பெருமூச்சு விட்டிருக்கிறார். வேறெவனாவது கேட்டிருந்தால் அங்கேயே மறந்திருப்பான். நம்மவன் நேரே என் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான்.

"சும்மா நின்னா போதுமாம் அண்ணே. அது எனக்கு நல்லா வரும்" என்றான்.

அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் கிராமபோனைப் பெரிய கிராணிக்கு விற்றுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனான். துரைமார்களுக்குச் சீமைச் சாமான் விற்கிற ஒரு சீனர் கடை. கடை முதலாளி தவுக்கே நல்ல மனுஷன். அவரிடம் காப்பி மிஷின் மூன்று இருந்தன. எதையும் எடுத்து வைப்பதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேட்டார். கையில் எவ்வளவு காசு? கைக்கு எவ்வளவு வேலை தெரியும்?

காசு விஷயத்தில் இராஜமாணிக்கம் உண்மையைச் சொன்னான். இரண்டாவது கேள்விக்கு, "காப்பி வேலையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றான். வெந்நீரைக் கருக விட்டுப் பாத்திரத்தில் ஓட்டை போட்டவன் அவன். நான் தவுக்கேயின் முகத்தைப் பார்த்தேன், அவர் இவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் மையைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

முதல் மிஷின் தேர் மாதிரி இருந்தது. பெரிய கைப்பிடி, அதை இரண்டு கையாலும் கீழே இழுத்து, மெல்ல மெல்ல விட வேண்டும். வேகமாக விட்டால் தாடையைப் பெயர்த்துவிடும் என்று தவுக்கே தன் தாடையையே தொட்டுக் காட்டினார். அதைப் பழகவே மாதக்கணக்கில் ஆகுமாம். விலையைக் கேட்டதும் இராஜமாணிக்கம் தனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது, அலுமினியத்தில் ஒரு சின்னக் கூஜா. கீழே தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் மேல் தட்டுக்குக் காப்பி ஏறி வந்துவிடும். கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. விலையும் கொஞ்சம். தவுக்கே அதை எடுத்து இவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். நானும் இதையே வாங்கித் தொலை, மிச்சக் காசில் அவளுக்கு ஒரு சேலை எடு என்று காதில் ஓதினேன்.

"சொப்புச் சாமான் மாதிரி இருக்கு அண்ணே. இதுல போட்டா அவளுக்கு மரியாதை இல்ல" என்றான்.

மூன்றாவதுதான் அவன் கண்ணைப் பறித்தது. பித்தளையில் குண்டாக ஒரு பாய்லர். தலையில் திருகு மூடி, அதன் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு, முன்னால் தூள் வைத்து மாட்டுகிற பிடி, அதன் கீழே எலி மூக்கு மாதிரி இரண்டு குழாய். மண்ணெண்ணெய் அடுப்பில் வைக்கலாம். மூடி இறுக வேண்டும், தீ அளவாக வேண்டும், தூள் நறநறவென்று இருக்க வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். பழகினவர்களுக்குத்தான் என்று தவுக்கே இரண்டு தரம் சொன்னார். கிராமபோன் காசு முழுவதும் அதற்குப் போயிற்று. காப்பித் தூளுக்கு என்னிடம் கடன் வாங்கினான்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். தவறான மிஷின்தான், சந்தேகமே இல்லை. ஆனால் செனாவாங் தாண்டும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டில் சன்னாசி மிஷினைக் கீழே வைக்கச் சொன்னான். சுற்றி வந்தான். தட்டினான். மூடியைத் திருகித் திறக்கச் சொன்னான், உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி மூடச் சொன்னான். பிறகு போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்தான்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் டின் சாமான் எது வாங்கினாலும் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பால் டின், சாடின் மீன் டின், எதுவானாலும் சரி. ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் புதைத்து வைக்க முடியாது, சீக்கிரம் கெட்டுப்போகும். ஓட்டை இல்லாத டின் கேட்டுக்கு வந்தால் சன்னாசியே போட்டுவிடுவான்.

இது டின் இல்லை, மிஷின் என்று இராஜமாணிக்கம் கத்தினான். காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தாயே என்று நான் கேட்டேன். சன்னாசி நிதானமாகச் சொன்னான்.

"இப்ப ஒண்ணும் இல்ல டாக்டரு. நாளைக்கு எதாச்சும் உள்ள வச்சு இறுக்கி மூடலாம்ல? காத்துப் போகாத தகரம், ஓட்டை இல்லாம உள்ள போகக் கூடாது. ரூலு."

ஒரே அடி. பாய்லரின் தோள்பட்டையில் அழகான வட்ட ஓட்டை. இராஜமாணிக்கம் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். நான்தான் கிளப்பி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஓட்டையோடேயே ஒரு தரம் போட்டுப் பார்த்தான். தண்ணீர் கொதித்ததும் ஆவி குழாய் வழியாக வராமல் ஓட்டை வழியாக வந்தது, விசில் அடித்துக்கொண்டு. சாதாரண விசில் இல்லை. கேட்டில் நின்ற சன்னாசிக்கு அது கேட்டது. அவனும் பதிலுக்குத் தன் விசிலை எடுத்து ஊதினான். நாலு கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு மண்ணில் குப்புறப் படுத்தார்கள். லயத்துச் சனம் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. துரை இரும்புத் தகடு அடித்த காரில் பறந்து வந்தார். மிஷினைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். சன்னாசி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். துரை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். இராஜமாணிக்கம் விடவில்லை. ரப்பர் தோட்டத்தில் ஓட்டையை அடைக்க வழியா இல்லை? புகைக் கூடத்திலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட் வாங்கிவந்து, சுருட்டி, ஓட்டையில் திணித்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான். கட்டைவிரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரப்பர் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வெந்துபோயிற்று. மருந்து வைத்துக் கட்டும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு பெண்பிள்ளையிடம் போய், நான் சொன்னது தப்பு என்று நாலு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், பாய்லரோடு மல்லுக்கட்டுகிறாயே என்று திட்டினேன்.

"அவ காப்பிதான் கேட்டா அண்ணே" என்றான் மெதுவாக. "கேட்டதக் குடுக்காம சும்மா வாயால சொன்னா நம்புவாளா?"

கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். ரப்பர்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, அகப்பைக் காம்பால் அழுத்திப் பிடித்தால் ஆவி குழாய் வழியாகவே வந்தது. கறுப்பாக, கெட்டியாக, எலி மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது. தண்ணீர் நிறைய ஊற்றினாலும் அடுப்பை எரியவிட்டாலும் கால் தம்ளருக்கு மேல் வராது. ருசி பார்க்க ஆள் நான்தான். முதல் வாய் வெந்த ரப்பர். இரண்டாம் வாய் பித்தளை. காப்பி என்று சொல்லத் தக்கதாக ஏதோ ஒன்று கடைசியில் தொண்டையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. என் ஆஸ்பத்திரிக் கலவை மருந்து இதற்குத் தேவலை என்றேன். ஆனாலும் குடிக்க முடிகிறதல்லவா என்றான். லாரிக்காரர் ஒருவரிடம் ரஹாங்குக்குச் சொல்லியனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்திரனின் கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. மயிலம்மாள் இறங்கினாள். அவளும் இளைத்துத்தான் இருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் லயமே திரண்டு நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

"என் பெட்டிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள். "காப்பி ரெடின்னு சொன்னாங்க. இருந்தா கொண்டாங்க. இல்லன்னா பெட்டியக் கொண்டாங்க. ஆறு மணிக்குக் கேட் மூடுறதுக்குள்ள நாங்க போகணும்."

பெட்டி போனால் அவளும் போனாள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். இராஜமாணிக்கம் ஓடினான். நானும் ஓடி அகப்பையைப் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கால் தம்ளரைப் பிழிந்து எடுத்தோம். கட்டுப் போட்ட கையில் அதை ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், கேட் வரைக்கும் வந்தான். அங்கே சன்னாசி துப்பாக்கியைக் குறுக்கே வைத்தான்.

சாப்பாட்டுச் சாமான் வெளியே போகக் கூடாது.

நான் கெஞ்சினேன். சந்திரன் அந்தப் பக்கத்திலிருந்து திட்டினான். கூட்டத்தில் ஒருத்தர் விடாமல் சன்னாசியின் பரம்பரையை விசாரித்தார்கள். அவன் மசியவில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளை உள்ளே வந்து குடிக்கட்டும் என்றான். அவள் மாட்டேன் என்றாள். குடிக்காமல் இந்த மண்ணை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள். காப்பி வெளியே வராது, அவள் உள்ளே வரமாட்டாள். நடுவில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு இவன் நின்றான். சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் தாயம்மா பேசினாள். பால்மரம் வெட்டுகிறவள், நாக்கும் அவள் கத்தி மாதிரிதான்.

"ஏம்ப்பா சன்னாசி, காப்பிதான வெளிய போகக் கூடாது? காலுதான உள்ள வரக் கூடாது? அந்தப் புள்ள காலு அங்கேயே இருக்கட்டும். வாய மட்டும் இங்க நீட்டட்டும்."

சன்னாசி யோசித்தான். சப்பாத்துக் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் மயிலம்மாளின் பாதம். சந்திரன் பின்னாலிருந்து தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கமாகச் சாய்ந்து, அண்ணாந்து, வாயைத் திறந்தாள். இராஜமாணிக்கம் தம்ளரைத் தூக்கி ஊற்றினான். பாதி மூக்கில் விழுந்தது, கன்னத்தில் வழிந்தது. மிச்சம் வாய்க்குள் போயிற்று.

அவள் கண்கள் விரிந்தன. நீர் கோத்துக்கொண்டது. அந்த ருசி எனக்குத் தெரியும், பாவம். நிமிரப் போனாள்.

"அப்படியே நில்லுங்கம்மா" என்றான் சன்னாசி. "வாயில சாப்பாடு இருக்கு. நிமிந்தா வெளிய போயிரும்."

மயிலம்மாள் வில்லாக வளைந்தபடி, கன்னம் உப்ப, அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பதில் பேச முடியாமல் இராஜமாணிக்கத்தின் முன்னால் நின்றது அன்றைக்குத்தான். அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். கூட்டம், துரை, கிராணி உத்தியோகம், எல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.

"துப்பிடு மயிலு" என்றான். "நல்லா இல்ல. எனக்குத் தெரியும். எனக்காகக் குடிக்காத. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பெரிய கிராணி முன்னாடி என்னப் பெரிய மனுஷனாக் காட்டிக்கத்தான் சொன்னேன். உன் காப்பி நல்ல காப்பி. துப்பிட்டு, பெட்டி வேணும்னா எடுத்துக்க. நானே தூக்கிட்டு வந்து கார்ல வைக்கிறேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். அது தொண்டையில் இறங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. காப்பியைக் குடித்தது அவள், அழுதது நான்.

சந்திரன் தங்கச்சியின் கையை இழுத்து, குடிச்சாச்சுல்ல, இனி உன் இஷ்டம், நேரமாகிறது என்றான். சன்னாசி நடுவில் வந்தான்.

"அது முடியாது. வயித்துக்குள்ள போனாலும் சாப்பாடு சாப்பாடுதான். இப்ப இவங்கள வெளிய விட முடியாதுலா."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் ரூலைத்தான் சொன்னானா, வேறெதையாவது சொன்னானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மயிலம்மாள் அண்ணனின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அந்தக் கோட்டைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தாள். புருஷன் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு சன்னாசியிடம் திரும்பினாள்.

"கேட்ட மூடுங்கண்ணே" என்றாள். "மணியாச்சு."